கைக்கு எட்டும் வேகம்

பூந்தமல்லியை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் போட்டால், மோட்டார் வண்டியின் சக்தியைப் பற்றியும் அதன் சுபாவத்தைப் பற்றியும் ஒருவர் கற்கவேண்டியவற்றில் பெரும்பகுதி அந்த வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். வடக்கே ஆவடியில் இராணுவ டாங்கிகளைச் செய்கிற கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் நசரத்பேட்டையையும் செம்பரம்பாக்கத்தையும் தாண்டிச் சென்றால், மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வருகிறது. தெற்கே, வெளிவட்டச் சாலை வண்டலூரில் போய் முடியும் இடத்துக்கு அருகே, பெருங்களத்தூரில், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் சிறிய காரை உற்பத்தி செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஒரு காலத்தில் இயங்கியது. குதிரைச்சக்தி அதிகமுள்ள கார்தான் ஓட்டுவதற்கு இன்பமான கார் என்று பொதுவாக நிலவுகிற நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க இவற்றைவிடப் பொருத்தமான சாட்சிகள் கிடைப்பது அரிது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை நேசிக்கிறவர்கள் எஞ்சினின் பலத்தில் சிறிது விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக அடைகிற ஓட்டும் சுகம் என்பது வெறும் மனப்பிரமையன்று. பௌதிகத்திலும் நம் உடலின் நரம்பமைப்பிலும் வேரூன்றிய உண்மை அது என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

குதிரைச்சக்தி என்பது வேலை எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதற்கான அளவு. 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கக்கூடிய யந்திரத்துக்கு ஒரு குதிரைச்சக்தி உண்டு என்பது கணக்கு. ஆவடியில் உருவாகிற அர்ஜுன் டாங்கியின் எஞ்சினுக்கு 1,400 குதிரைச்சக்தி. ஆனால் அந்த எஞ்சின் நகர்த்தவேண்டிய எடையோ 58.5 டன், அதாவது டன் ஒன்றுக்கு 24 குதிரைச்சக்திதான் கிடைக்கிறது. 1961-இல் சென்னையில் உற்பத்தியாகத் தொடங்கிய ஹெரால்டு காரின் 948 சி.சி. எஞ்சின் 40 குதிரைச்சக்திகூடத் தராதது. எனினும் கார் முழுவதும் ஏறத்தாழ 800 கிலோ எடையே ஆகையால், டன்னுக்கு 40 குதிரைச்சக்திக்கு மேல் அதற்குக் கிடைத்தது. எடையைச் சொல்லாமல் சக்தியை மட்டும் சொல்வது பாதி உண்மையைச் சொல்வதாகும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வேகம் கூடும்போது காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. அந்த எதிர்ப்பை வெல்லத் தேவையான சக்தியோ வேகத்தின் கனத்துக்கு ஏற்ப வளர்கிறது. ஆகவே, அதே காரில் எஞ்சினின் பலத்தை இரு மடங்காக்கினால், மற்ற தடைகளைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தாலும், உச்ச வேகம் ஏறத்தாழ 26 சதவீதமே கூடுகிறது. சக்தி கூடினால் நின்ற நிலையிலிருந்து விரைவாகக் கிளம்பலாம், மேடு எளிதில் ஏறலாம், லாரியை முந்திச் செல்லும் நேரம் குறையும்; இவையெல்லாம் மெய்யான நன்மைகள், இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் குமணன்சாவடிக்கும் கரையான்சாவடிக்கும் இடையே பேருந்துகளுக்கும் தண்ணீர் லாரிகளுக்கும் நடுவில் ஊர்ந்து செல்கிற ஒரு காரின் முகப்பில் 300 குதிரைச்சக்தி உறங்கிக்கொண்டிருந்தால், அதில் எத்தனை பங்கு என்றைக்காவது விழித்தெழுந்து வேலை செய்யப்போகிறது?

நேர்சாலையை விட்டு வளைவுக்கு வந்தால் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில், டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வுக் குணகம் 0.7 என்று வைத்துக்கொண்டால், சறுக்காமல் போகக்கூடிய அதிகபட்ச வேகம் மணிக்கு 52 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கில் எஞ்சினின் பலம் எங்கும் இடம்பெறுவதில்லை. காரின் எடைகூட, முதல் அணுக்கத்தில், வகுபட்டுப் போய்விடுகிறது. கோடீஸ்வரரின் காருக்கும் பழைய ஹெரால்டுக்கும் இயற்கை ஒரே சட்டத்தைத்தான் விதித்திருக்கிறது. அந்த எல்லையை நெருங்கும்போது, 'இதோ எல்லை வருகிறது' என்று கார் தன்னை ஓட்டுகிறவருக்கு எப்படிச் சொல்கிறது, எவ்வளவு முன்னதாகச் சொல்கிறது என்பதில்தான் ஒரு காருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள பெரிய வேறுபாடு அடங்கியிருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள டயர் சாலையைத் தொடுகிற அந்தச் சிறு இடத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்கவேண்டும். ஒரு சக்கரத்தின்மேல் 200 கிலோ எடை இருந்து, டயருக்குள் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1.7 கிலோ அளவில் இருந்தால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 120 சதுர சென்டிமீட்டர். விரல்களைச் சேர்த்து வைத்த ஒரு கையின் பரப்பைவிடக் குறைவு. நான்கு பேருடைய உயிரும் இத்தகைய நான்கு திட்டுகளின்மேல்தான் பிரயாணம் செய்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் நோக்குகிற திசையும் கார் உண்மையில் செல்கிற திசையும் சில பாகை வேறுபடுகின்றன. ரப்பர் முறுக்கிக்கொண்டு, தொடும் பரப்பின் முன்விளிம்பில் சிறிதாகவும் பின்விளிம்பை நோக்கிப் பெரிதாகவும் வளைகிறது. இவ்வாறு பின்பகுதியில் முறுக்கம் மிகுதியாக இருப்பதால், பக்கவாட்டு விசை முழுவதும் திரண்டு செயல்படும் புள்ளி சக்கரத்தின் மையத்துக்கு நேர் கீழே இல்லாமல், சற்றுப் பின்தள்ளி அமைகிறது. அந்தச் சில சென்டிமீட்டர் இடைவெளியே நெம்புகோலாகி, சக்கரத்தை மீண்டும் நேராக்க முயல்கிறது. வளைவில் ஸ்டியரிங் நம் கையை எதிர்த்துத் தள்ளுவதாக நாம் உணர்வது பெரும்பாலும் இந்தத் திருப்பு விசையைத்தான்.

இதில் இயற்கை ஓர் அரிய எச்சரிக்கையை ஒளித்து வைத்திருக்கிறது. வேகம் கூடக் கூட, தொடும் பரப்பில் முதலில் பிடிப்பை இழந்து சறுக்கத் தொடங்குவது மிகுதியாக முறுக்கப்பட்ட அந்தப் பின்விளிம்புதான். அது சறுக்கத் தொடங்கியதும் விசையின் மையம் முன்னோக்கி நகர்ந்து, நெம்புகோல் குறுகிவிடுகிறது. டயரின் மொத்தப் பிடிப்பு இன்னும் உச்சத்தை அடையாமல் வளர்ந்துகொண்டிருக்கிற அதே வேளையில், கையிலுள்ள எதிர்ப்பு உச்சத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கிவிடுகிறது. அதாவது பிடிப்பு போவதற்கு முன்பாகவே ஸ்டியரிங் இலேசாகிறது. கண்ணுக்குத் தெரியாத, காதுக்குக் கேட்காத இந்தச் செய்தி, டயரிலிருந்து நிலைத்தண்டு, இணைப்புக் கம்பி, பல்சட்டம், ஸ்டியரிங் தண்டு ஆகியவற்றின் வழியாக ஏறி உள்ளங்கையை அடைகிறது. ஓட்டுகிற சுகம் என்று அநுபவசாலிகள் சொல்வதன் சாரம் இதுதான் என்று நான் கருதுகிறேன்: சாலையில் நடக்கிற காரியம், சிதையாமல், தாமதமின்றி, கைக்கு வந்து சேர்வது.

கையும் இந்தச் செய்தியைப் பெறுவதற்குத் தகுதியான கருவியே. தோலின் மேலடுக்கில் மெதுவான அதிர்வுகளை உணரும் நுண்ணுறுப்புகளும், ஆழத்தில் விநாடிக்கு 200 முதல் 300 தடவை நிகழும் மிக நுண்ணிய அதிர்வுகளை உணரும் பாசினி உறுப்புகளும் இருக்கின்றன. தசைகளிலும் தசைநாண்களிலும் உள்ள நரம்பு முனைகள் விசையின் அளவை இடைவிடாமல் மூளைக்குத் தெரிவிக்கின்றன. ஆனால் இந்த அமைப்புக்கு ஒரு வரம்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த வெபர் என்னும் ஜெர்மானிய உடலியல் அறிஞர் கண்டபடி, ஒரு மாற்றத்தை நாம் உணரவேண்டுமானால் அது ஏற்கெனவே இருக்கும் அளவில் ஒரு குறிப்பிட்ட பங்காவது இருக்கவேண்டும். ஸ்டியரிங்கின் மூட்டுகளில் வீண் உராய்வு மிகுந்திருந்தால், அல்லது முன்சக்கரங்களின்மேல் அளவுக்கு மீறிய பாரம் இருந்தால், நெம்புகோல் குறுகுவதால் வரும் சிறிய மாற்றம் அந்தப் பெருஞ்சுமைக்குள் மூழ்கிவிடும். எஞ்சினின் எடைக்கும் ஓட்டுகிறவரின் உணர்வுக்கும் உள்ள சம்பந்தம் இங்கே தொடங்குகிறது.

ஹெரால்டின் வம்ச சரித்திரமே இதற்கு ஒரு பிரத்தியட்ச உதாரணம். இத்தாலியக் கார் வடிவமைப்பாளரான ஜியோவானி மிக்கேலோட்டி உருவம் கொடுக்க, 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த இந்தக் காருக்கு, உராய்வு குறைந்த பல்சட்ட ஸ்டியரிங்கும், 25 அடி விட்டத்துக்குள் முழுவட்டம் திரும்பக்கூடிய வியப்பூட்டும் வளைவுத் திறனும் வாய்த்திருந்தன. 1962-இல் அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கி, இரண்டு பேர் மட்டும் அமரும் திறந்த உடலைப் பொருத்தி, 1,147 சி.சி. எஞ்சினுக்கு இரண்டு கார்புரேட்டர்களை வைத்து 63 குதிரைச்சக்தி வரவழைத்தபோது ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. சென்னை வீதிகளில் டாக்டர்களும் பேராசிரியர்களும் சாதுவாக ஓட்டிச் சென்ற காரும் உலகமெங்கும் ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் கொண்டாடிய காரும் ஒரே எலும்புக்கூட்டின்மேல் எழுந்தவை என்பது நம்மவர்களில் பலர் அறியாத செய்தி.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனி அதே அடிச்சட்டத்தில் 1,998 சி.சி. கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து ஜி.டி.6 என்ற மூடிய காரை வெளியிட்டது. குதிரைச்சக்தி 95 ஆயிற்று. நேர்சாலையில் ஸ்பிட்ஃபயர் அதன் பக்கத்தில் நிற்கமுடியாது. எனினும் நீண்ட இரும்பு எஞ்சின் மூக்கின்மேல் ஏறி உட்கார்ந்ததால், வளைவில் முகம் விரும்பித் திரும்பும் இயல்பு அதில் குறைந்துபோயிற்று. காரணம் இதுதான்: ஒரு பொருளைச் சுழற்றும்போது அது காட்டுகிற சடத்துவம் அதன் எடையைப் பொறுத்தது மட்டுமன்று, மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. 50 கிலோ எடை காரின் மையத்திலிருந்து 60 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் அதன் சுழல் சடத்துவம் 18 அலகு. அதே எடை 120 சென்டிமீட்டர் தூரத்துக்குப் போனால் 72 அலகு. முகப்பில் சேர்க்கப்படுகிற ஒவ்வொரு கிலோவும் காரைத் திருப்பத் தொடங்கும்போதும் தடுக்கிறது, திரும்பிய காரை நிறுத்தும்போதும் தடுக்கிறது. தவிர, பாரம் கூடும் விகிதத்தில் டயரின் பிடிப்பு கூடுவதில்லை. சற்றுக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே பாரம் மிகுந்த முன்சக்கரங்கள் விரைவில் களைத்துப்போகின்றன.

ஹெரால்டு குறையற்ற காரன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அதன் பின்சக்கரங்கள், நடுவிலுள்ள டிஃபரன்ஷியலிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக ஊசலாடும் அச்சுகளில் பொருத்தப்பட்டிருந்தன. வளைவின் நடுவே ஓட்டுகிறவர் திடுக்கிட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், காரின் பின்புறம் எழும்ப, வெளிச்சக்கரம் உட்புறமாக மடங்கி, பிடிப்பு சட்டென்று விட்டுப்போகும். 63 குதிரைச்சக்தியில் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருந்த இந்தக் கோளாறு 95 குதிரைச்சக்தியில் அபாயகரமானதாயிற்று; 1968-இல் ஜி.டி.6 காருக்கும், 1970-இல் ஸ்பிட்ஃபயருக்கும் கம்பெனியார் பின்புற அமைப்பைத் திருத்தினார்கள். சென்னையில் 1972-இல் ஹெரால்டின் வாரிசாக வந்த கெஸல் காருக்கு ஊசல் அச்சுகளை விலக்கிவிட்டு ஒரே கெட்டி அச்சு வைக்கப்பட்டது. நல்ல உணர்வு என்பது வேறு, நல்ல பிடிப்பு என்பது வேறு. முன்சக்கரங்கள் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும், பின்சக்கரங்கள் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப்போனால் அந்தத் தெளிவால் என்ன பிரயோஜனம்?

சக்தியைக் குறைத்துவிட்டால் மட்டும் சுகம் வந்துவிடும் என்று எண்ணுவதும் பிழை. அதே ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-இல் வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000 என்ற காரின் கதை இதற்குத் துயரமான சாட்சி. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் கம்பீரமான உடல் அதற்கு வாய்த்தது. ஆனால் அங்கே அந்த உடலில் இருந்த 3.5 லிட்டர் வி-8 எஞ்சினுக்குப் பதிலாக இங்கே பொருத்தப்பட்டதோ, பழைய வான்கார்டு கார் காலத்து 1,991 சி.சி. எஞ்சின். உடலின் எடை குறையவில்லை, எஞ்சினின் பலம் மட்டும் குறைந்தது. விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் உற்பத்தியும் நின்றுபோயிற்று. குதிரைச்சக்தியை விட்டுக்கொடுப்பதில் அர்த்தம் இருக்கவேண்டுமானால், அதனுடன் எடையும் குறையவேண்டும். எஞ்சியுள்ள எடையும் காரின் மையத்தை நோக்கிக் கூடவேண்டும். 1962-இல் ஏறத்தாழ 680 கிலோ எடையில் லோட்டஸ் எலான் காரைச் செய்த காலின் சாப்மனும், 1989-இல் 1.6 லிட்டர் எஞ்சினோடு எம்.எக்ஸ்-5 காரைக் கொண்டுவந்த ஜப்பானின் மாஸ்டா கம்பெனியாரும் கண்டுகொண்ட சூக்ஷ்மம் இதுவே.

பந்தயக்களங்களும் இந்த விவாதத்தில் தம் சாட்சியத்தைக் கொடுத்திருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டைக்கு முன்பு சென்னையின் பந்தயங்கள் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்தன. விமானம் ஓடுவதற்காகப் போட்ட நீண்ட நேர்தளம் பலமான எஞ்சின்களுக்கே சலுகை காட்டும்; 1980-களில் விஜய் மல்லையா ஒரு காலத்து ஃபார்முலா ஒன் காரான என்சைனை அங்கே ஓட்டியதைக் காணப் பெருங்கூட்டம் கூடியதில் வியப்பில்லை. இருங்காட்டுக்கோட்டைத் தடமோ 3.7 கிலோமீட்டர் நீளத்துக்குள் 12 திருப்பங்களைக் கொண்டது. அங்கே நேர்சாலையில் சம்பாதித்த வேகத்தை அடுத்த திருப்பத்தில் பிரேக்கில் எரித்துவிடவேண்டும். வேகம் இரட்டித்தால் எரிக்கவேண்டிய இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. எடை குறைந்த காரை ஓட்டுகிறவன் தாமதமாகப் பிரேக் பிடிக்கலாம், திருப்பத்தில் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம், குறைந்த பலத்தோடும் முன்னே போகலாம்.

இந்தத் தடத்தில் ஓடிய பந்தயக் கார்களில் என் மதிப்பில் மிக உயர்ந்த இடம் ஃபார்முலா மாருதிக்கு உண்டு. கோயம்புத்தூர் கரிவரதன், எந்த மெக்கானிக்கும் அறிந்த மாருதி 800 காரின் 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, இலேசான ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பொருத்தி, நடுத்தரக் குடும்பத்து இளைஞர்களுக்கும் பந்தய வித்தையைக் கைக்கெட்டும்படி செய்தார். அவர் 1995-இல் சிறு விமான விபத்தில் மறைந்தார். 2003-இல் கோவையில் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரராக, 800 குதிரைச்சக்திக்கு மேற்பட்ட காரில் அமர்ந்த நாராயண் கார்த்திகேயன், தம் முதல் பந்தயத்தை ஓட்டியது இதே இருங்காட்டுக்கோட்டையில், ஃபார்முலா மாருதியில்தான். பலம் குறைந்த கார் சிறந்த ஆசான் ஆவதற்குக் காரணம் எளிது: பலமுள்ள காரில் திருப்பத்தில் செய்த பிழையை அடுத்த நேர்சாலையில் ஆக்சிலரேட்டரை மிதித்து ஈடுகட்டிவிடலாம், பலமற்ற காரிலோ இழந்த ஒவ்வொரு கிலோமீட்டர் வேகமும் நெடுநேரம் திரும்பி வராது. ஆகவே மாணவன் டயர் சொல்வதைக் கேட்டே தீரவேண்டும்.

இன்றைய கார்களில் இந்தச் செய்தியைக் கேட்பது கடினமாகிவருகிறது. எடை கூடியதாலும் டயர்கள் அகன்றதாலும் ஸ்டியரிங்கைத் திருப்ப மின்சார மோட்டாரின் உதவி அவசியமாயிற்று. அந்த மோட்டாரின் சடத்துவமும் பற்சக்கரங்களின் உராய்வும் சாலைக்கும் கைக்கும் நடுவே திரைபோல் நிற்கின்றன. அகன்ற டயரில், அதே பாரத்துக்கும் அதே காற்றழுத்தத்துக்கும், தொடும் பரப்பு அகலவாக்கில் நீண்டு நெடுவாக்கில் குறுகுகிறது. எச்சரிக்கை தருகிற நெம்புகோலும் அதனுடன் குறுகிவிடுகிறது. 13 அங்குலச் சக்கரத்தில் 5.20 அங்குல அகல டயர் ஓடிய ஹெரால்டில் பிடிப்பின் உச்சம் தாழ்ந்ததுதான். ஆனால் அந்த உச்சத்தை நோக்கி ஏறும் சரிவு நீண்டது, இறங்கும் சரிவும் மெதுவானது. இதனால் புதிய கார்களை நான் குறைகூறவில்லை. குடும்பத்தோடு இரவில் மழையில் நெடுந்தூரம் செல்கிறவருக்கு அவை தருகிற பாதுகாப்பு விலைமதிப்பற்றது.

ஆனால் பழைய ஹெரால்டையோ ஸ்பிட்ஃபயரையோ வைத்திருப்பவர்கள், அதன் சிறிய எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறொரு பெரிய எஞ்சினை ஏற்றிவிடலாமா என்று யோசிக்கும்போது, முதலில் தரையில் படுத்து முன்சக்கரங்களின் உட்புறத்தை நோக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். சக்கரத்தைத் தாங்கும் நிலைத்தண்டின் அடிமுனை ஒரு வெண்கல மரைக்கட்டுக்குள் திருகப்பட்டிருக்கும். மெக்கானிக்குகள் அதை டிரன்னியன் என்பார்கள். ஸ்டியரிங்கின் ஒவ்வோர் அசைவும் அந்த மரையில்தான் சுழல்கிறது. அதற்கு ஊற்றவேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். ஆனால் பெரும்பாலான பட்டறைகளில் வழக்கத்தை ஒட்டி அதில் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் மரையின் இடுக்குகளுக்குள் முழுமையாக இறங்குவதில்லை. நாளடைவில் தண்ணீர் புகுந்து, இரும்பு துருப்பிடித்து, ஸ்டியரிங் இறுகி, டயரின் பேச்சு முழுவதும் அந்த உராய்வில் அடங்கிவிடுகிறது. முற்றிய நிலையில் தண்டே ஒடிந்துவிடுவதும் உண்டு. அடுத்து, பல்சட்டத்தை அடிச்சட்டத்தோடு பிணைக்கிற ரப்பர்களைப் பார்க்கவேண்டும். எஞ்சின் ஆயில் சொட்டிச் சொட்டி ஊறிப்போன ரப்பர், சக்கரம் திரும்புவதற்கு முன்பே தான் நசுங்கிக் கொடுத்துவிடும். பிறகு டயரின் வயது, காற்றழுத்தம், சக்கரங்களின் சீரமைவு. இவ்வளவையும் செம்மை செய்து, ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பின்னும் எஞ்சின் போதாது என்று தோன்றினால், இரண்டாவது கார்புரேட்டரைப் பற்றி யோசிக்கலாம்.